கேக் கடை, பூக்கடை, விடுதி: மத நம்பிக்கையும் பால்புதுமையினர் உரிமையும் மோதும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் அச்சகம், மண்டபம், கேட்டரிங் என்று தொழில் செய்யும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதே கேள்விகளை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். அமெரிக்கா, பிரிட்டன், கனடா வழக்குகள்தான் அதிகம் வரும், ஏனென்றால் இந்தச் சண்டை உயர்ந்த நீதிமன்றங்கள் வரை போனது அங்கேதான். இது பொதுவான விளக்கம். உங்கள் சொந்தப் பிரச்சினைக்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

"கடை என் சொந்தக் கடை. யாருக்கு விற்கிறது, யாருக்கு விற்கக் கூடாதுன்னு முடிவு பண்ண எனக்கு உரிமை இல்லையா?"

பெரும்பாலும் இருக்கிறது. பழைய பாக்கி வைத்தவருக்குக் கடன் தர மறுக்கலாம். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவரை வெளியே அனுப்பலாம். இந்த மாதம் ஆர்டர் நிரம்பிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பொதுமக்களுக்காகக் கடையைத் திறந்த பிறகு, சட்டம் தடுத்திருக்கும் சில காரணங்களுக்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், மாற்றுத்திறன் என்று போகும் அந்தப் பட்டியலில் பாலின ஈர்ப்பும் இருக்கிறதா என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் அது இருக்கிறது. வட அயர்லாந்துக்குத் தனி விதிகள். கனடாவில் மாகாண மனித உரிமைச் சட்டங்களில் இருக்கிறது. இங்கெல்லாம் "எனக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை, என் மதம் அனுமதிக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் கடைக்காரருக்கு விலக்கு கிடைத்துவிடாது.

"அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே சட்டமா?"

இல்லை. டெக்சஸில் இருக்கும் அண்ணனுக்கும் நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பிக்கும் வேறு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1964ஆம் ஆண்டின் கூட்டாட்சி சிவில் உரிமைச் சட்டம் உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற இடங்களில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பகுதியில் பாலினம்கூடக் கிடையாது, பாலின ஈர்ப்புக்கு எங்கே போவது? 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த பாஸ்டாக் தீர்ப்பு தன்பாலீர்ப்பினரையும் திருநர்களையும் காப்பாற்றியது வேலை விஷயத்தில் மட்டும்தான்.

மிச்சத்தை மாநிலங்கள் பார்த்துக்கொள்கின்றன. கொலராடோ, வாஷிங்டன், நியூ மெக்ஸிகோ, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்றவற்றில் கடைகளுக்கும் பொருந்தும் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. டெக்சஸில் மாநில அளவில் இல்லை, ஆஸ்டின், டல்லாஸ் போன்ற நகரங்களுக்கு மட்டும் சொந்த விதிகள் உண்டு. மிசிசிப்பி 2016இல் எதிர்த்திசையில் போய், மத நம்பிக்கை காரணமாகத் திருமணச் சேவைகளை மறுப்பவர்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டத்தையே போட்டது.

"கொலராடோ கேக் வழக்கில் கடைக்காரர் ஜெயிச்சுட்டார்தானே? அப்போ மறுக்கலாம்னுதானே அர்த்தம்?"

ஜெயித்தார். ஆனால் அர்த்தம் அது இல்லை. இந்தத் தொகுப்பிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தீர்ப்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2012 ஜூலையில் டென்வருக்குப் பக்கத்தில் லேக்வுட் என்ற ஊரில் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் என்ற கடைக்கு ஓர் ஆண் இணையர் தங்கள் திருமண வரவேற்புக்குக் கேக் கேட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவருடைய அம்மாவும் கூட இருந்தார். கடைக்காரர் ஜாக் ஃபிலிப்ஸ், ஒரே பாலினத் திருமணத்துக்குக் கேக் செய்வதில்லை, பிறந்தநாள் கேக், குக்கீ எல்லாம் தருகிறேன் என்றார். கேக் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சே அதற்கு முன் நடக்கவில்லை. மாநிலச் சிவில் உரிமை ஆணையமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது பாகுபாடு என்றன. 2018 ஜூன் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்த ஆணையை ரத்து செய்தது.

எதற்காக? ஆணையம் அவருடைய வழக்கை நடுநிலையோடு விசாரிக்கவில்லை என்பதற்காக. மத நம்பிக்கை இருந்தால் மறுக்கலாமா என்ற பெரிய கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லவே இல்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, பொதுச் சந்தையில் பொருள் வாங்க வரும் தன்பாலீர்ப்பினரை அவமானத்துக்கு ஆளாக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்.

"ஆணையம் அப்படி என்னதான் தப்பு பண்ணிச்சு?"

இரண்டு விஷயங்கள். ஒரு பொதுக் கூட்டத்தில் ஆணைய உறுப்பினர் ஒருவர், அடிமைமுறையையும் யூத இனப்படுகொலையையும் நியாயப்படுத்தக்கூட மத சுதந்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், மிகக் கேவலமான வாதம் இது என்ற தொனியில் பேசினார். கூட இருந்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. இரண்டாவது, ஒரே பாலினத் திருமணத்தைக் கண்டிக்கும் பைபிள் வசனங்களோடு கேக் கேட்ட ஒருவரை மூன்று கடைகள் திருப்பி அனுப்பியிருந்தன. அந்தக் கடைகள் செய்தது சரி என்று அதே மாநில அமைப்பு முடிவெடுத்திருந்தது. ஒரு தரப்பின் மனசாட்சிக்கு ஓர் அளவுகோல், இன்னொரு தரப்புக்கு வேறு அளவுகோலா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது.

முதல் விஷயத்தில் நீதிமன்றம் சொன்னது முழுக்கச் சரி என்பது என் எண்ணம். ஒருவருடைய நம்பிக்கையை ஏற்காமல் தீர்ப்புச் சொல்லலாம், இழிவுபடுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது விஷயத்தில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அந்த மூன்று கடைகள் அந்த வசனத்தை யார் கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஃபிலிப்ஸோ மற்றவர்களுக்குச் செய்யும் திருமணக் கேக்கை இவர்களுக்கு மறுத்தார் என்று நீதிபதி கேகன் தனியாக எழுதினார். இந்த வித்தியாசம் பின்னால் பல பதில்களில் திரும்ப வரும்.

"பெல்ஃபாஸ்ட் கேக் வழக்கும் அதே கதைதானே?"

கேக் மட்டும்தான் பொது. 2014 மே மாதம் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஒருவர் ஆஷர்ஸ் என்ற பேக்கரியில் ஒரு கேக் ஆர்டர் கொடுத்தார். விலை 36.50 பவுண்டு. அவர் அங்கே முன்பும் வாங்கியிருக்கிறார். கேக்கின் மேல் 'ஒரே பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்' என்ற வாசகமும் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பெர்ட், எர்னி பொம்மைகளின் படமும் கேட்டார். கடை முதலில் ஆர்டரை எடுத்துக்கொண்டது. பிறகு போன் செய்து, நாங்கள் கிறிஸ்தவத் தொழில் நடத்துகிறோம், இந்த வாசகத்தை எழுத முடியாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தது. வட அயர்லாந்தில் ஒரே பாலினத் திருமணம் அப்போது சட்டப்படி கிடையாது, 2020இல்தான் வந்தது. அதனால் அது ஒரு நேரடி அரசியல் கோரிக்கை.

கீழ் நீதிமன்றம் 2015இல் பாகுபாடு என்று சொல்லி 500 பவுண்டு இழப்பீடு விதித்தது. 2016இல் மேல்முறையீட்டிலும் கடை தோற்றது. 2018 அக்டோபர் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பை மாற்றினார்கள். கடைக்காரர் எதிர்த்தது கேட்ட ஆளை இல்லை, கேட்ட வாசகத்தை என்றார் தலைமை நீதிபதி லேடி ஹேல். திருமணமான ஓர் ஆணும் பெண்ணும் வந்து அதே வாசகத்தைக் கேட்டிருந்தாலும் அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். தான் நம்பாத கருத்தை எழுத ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வாடிக்கையாளர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐரோப்பிய உடன்படிக்கை உரிமைகளை அவர் எழுப்பவில்லை என்று சொல்லி 2022 ஜனவரியில் அந்த மனுவை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

"ஆளை மறுக்கிறது, வாசகத்தை மறுக்கிறதுன்னு பிரிக்கிறதெல்லாம் வக்கீல் தந்திரம் இல்லையா? வாங்க வந்தவருக்கு ரெண்டும் ஒரே அடிதானே?"

வலி ஒன்றாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனாலும் இந்தப் பிரிவினை அவசியம் என்று நினைக்கிறேன். சோதனை எளிமையானது. இதே பொருளை, இதே வடிவத்தில், வேறொருவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? கொடுத்திருப்பீர்கள் என்றால் நீங்கள் மறுத்தது ஆளை. யார் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றால் நீங்கள் மறுத்தது பொருளை, அல்லது அதில் இருக்கும் கருத்தை.

இந்தக் கோடு இரண்டு பக்கமும் காப்பாற்றுகிறது. தன்பாலீர்ப்புள்ள ஓர் அச்சகக்காரரிடம் அவரையே இழிவுபடுத்தும் துண்டறிக்கையை அடிக்கச் சொன்னால் அவர் மறுக்க முடிவதும் இதே கோட்டால்தான். இதை அழித்தால் முதலில் அடிபடுவது சிறுபான்மைக் கருத்து உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள்.

"நான் நடத்துற விடுதி என் வீடும்கூட. என் கூரைக்குக் கீழே என் ஒழுக்கம் செல்லாதா?"

இதே கேள்வியோடு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். கார்ன்வாலில் மராசியன் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் சிறு விடுதி நடத்தினார்கள், அங்கேயே குடியிருந்தார்கள். திருமணமான ஆண், பெண் தம்பதியருக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்கள் விதி. 2008 செப்டம்பரில், சட்டப்படி பதிவு செய்த துணைவர்களான இரண்டு ஆண்கள் முன்பதிவு செய்துவிட்டு வந்து நின்றபோது அறை தரவில்லை. ஒவ்வொருவருக்கும் 1,800 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கல்யாணமாகாத ஆண், பெண் ஜோடிக்கும் நாங்கள் தருவதில்லையே என்பது அவர்கள் வாதம். கேட்டதும் நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஆண், பெண் ஜோடி நாளைக்கே கல்யாணம் செய்துகொண்டு வந்து அறை கேட்கலாம். அன்றைய சட்டத்தில் இரண்டு ஆண்களுக்கு அந்த வழியே இல்லை. இது நேரடிப் பாகுபாடா மறைமுகப் பாகுபாடா என்பதில் நீதிபதிகள் 3க்கு 2 எனப் பிரிந்தார்கள். மறைமுகம் என்றவர்களும் இதற்கு நியாயம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆகவே வீட்டோடு சேர்ந்த விடுதி என்றாலும், பலகை மாட்டி வாடகைக்கு விட்டால் அது வியாபாரம்தான்.

"பூக்கடை அம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்களாம். மரியாதையா மறுத்தாலும் தப்பா?"

வாஷிங்டன் மாநிலம் ரிச்லாண்டில் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் சுமார் ஒன்பது வருடமாக அங்கேதான் பூ வாங்கினார். அவர் தன்பாலீர்ப்பினர் என்பது கடைக்கார அம்மாவுக்குத் தெரியும், அவர் துணைவருக்குக் கொடுக்கும் பூங்கொத்துகளையும் அந்த அம்மாவேதான் கட்டிக் கொடுத்திருக்கிறார். 2013இல் திருமணத்துக்குப் பூ அலங்காரம் கேட்டபோது, இயேசுவோடு எனக்குள்ள உறவின் காரணமாக முடியாது என்று சொல்லி வேறு கடைகளின் பெயரைச் சொன்னார். மாநில உச்ச நீதிமன்றத்தில் 2017இலும், மாஸ்டர்பீஸ் தீர்ப்புக்குப் பிறகு திரும்ப விசாரித்து 2019இலும் அவர் தோற்றார். 2021இல் வாடிக்கையாளர்களுக்கு 5,000 டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது.

இந்த எல்லா வழக்கிலும் என்னை அதிகம் வருத்தப்படுத்தியது இதுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த அம்மா பொய்யாக பக்தி காட்டினார் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அந்த வாடிக்கையாளரோ, தெரிந்தவர் கையால் பூ வேண்டும் என்றுதான் அங்கே போனார். ஆனாலும் சட்டம் கேட்பது, வேறொருவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று மேலே சொன்ன கேள்வியைத்தான். மற்றத் திருமணங்களுக்குச் செய்யும் சேவை இது, இவர்களுக்கு இல்லை என்றால் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அது மறுப்புதான்.

"வேற கடைக்குப் போக வேண்டியதுதானே? ஊர்ல ஒரே கடையா இருக்கு?"

பெரிய நகரத்தில் கேக் கிடைத்துவிடும். பெல்ஃபாஸ்ட்டில்கூட வேறு கடையில் செய்து வாங்கிக்கொண்டார். ஆனால் சிறு ஊரில் ஒரே மண்டபம், ஒரே புகைப்படக்காரர் என்றால் என்ன செய்வது? அப்புறம், ஒரு கடைக்கு இந்த உரிமை இருந்தால் எல்லாக் கடைக்கும் இருக்கும். அடுத்த கதவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போகும் இடமெல்லாம் "எங்களுக்குச் செய்வீர்களா?" என்று முதலில் கேட்டுவிட்டு உள்ளே நுழைகிற வாழ்க்கையை ஒரு வாரம் நினைத்துப் பாருங்கள்.

"மத நம்பிக்கையை நிறவெறியோட ஒப்பிடுறாங்களே, அது நியாயமா?"

ஒப்பீடு வருவதற்கு ஒரு பழைய வழக்கு காரணம். தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற உணவகக் குழுமத்தின் உரிமையாளர், கறுப்பினத்தவரோடு சேர்ந்து உட்கார வைப்பது கடவுளின் விருப்பத்துக்கு எதிரானது என்று வாதாடினார். அந்த வாதத்தில் விசாரிக்கவே ஒன்றும் இல்லை என்று 1968இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. மத நம்பிக்கை என்று சொன்ன உடனே பாகுபாட்டுத் தடைச் சட்டம் விலகிவிடாது என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

அதற்காக இன்றைய நம்பிக்கையாளர் எல்லோரையும் அந்த உரிமையாளரோடு சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. 2015இல் நாடு முழுக்க ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்பிலேயே, அதை ஏற்காதவர்கள் பலர் நேர்மையான, கண்ணியமான மதக் கொள்கையிலிருந்து அப்படி நினைக்கிறார்கள் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. நம்பிக்கைக்கு அந்த மதிப்பைக் கொடுக்கலாம். கடை வாசலில் ஒருவரை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

"2023ல வந்த வெப்சைட் தீர்ப்போட எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்றாங்களே?"

கொஞ்சம் மாறியது. மறுபடியும் கொலராடோதான். 303 கிரியேட்டிவ் என்ற நிறுவனத்தை நடத்தும் வடிவமைப்பாளர், திருமண இணையதளங்கள் செய்யும் தொழிலில் இறங்க நினைத்தார். ஒரே பாலினத் திருமணத்துக்குச் செய்ய மாட்டேன், சட்டம் என்னைத் தண்டிக்கக் கூடாது என்று முன்கூட்டியே வழக்குப் போட்டார். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், ஜெயித்தது மத சுதந்திரம் இல்லை, பேச்சுச் சுதந்திரம். அவர் செய்யும் தளங்கள் அவருடைய சொந்தப் படைப்புப் பேச்சு, தன்பாலீர்ப்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வேறு வேலைகளை அவர் செய்து தருவார் என்பவற்றை இரு தரப்பும் முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தன. அந்த அடிப்படையில்தான் தீர்ப்பு வந்தது.

நீதிபதி சோட்டோமேயர் கடுமையாக மாறுபட்டு எழுதினார். பொதுமக்களுக்குத் திறந்த ஒரு வியாபாரத்துக்கு, பாதுகாக்கப்பட்ட ஒரு பிரிவினரை மறுக்கும் அரசியலமைப்பு உரிமையை நீதிமன்றம் தந்தது வரலாற்றில் இதுவே முதல்முறை என்றார். என் கவலையும் அதுவே. பெல்ஃபாஸ்ட்டில் ஒரு குறிப்பிட்ட வாசகம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இங்கே உண்மையான வாடிக்கையாளரும் இல்லை, கேட்கப்பட்ட வாசகமும் இல்லை. 'இந்த இணையருக்கு எது செய்தாலும் அது செய்திதான்' என்ற இடத்துக்கு அது நகர்ந்துவிட்டது.

"அப்போ அமெரிக்காவில் யார் வேணும்னாலும் 'இது கலை'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா?"

முடியாது. நாற்காலி வாடகை, சாப்பாடு, மண்டபம், கார் ஆகியவற்றைப் பேச்சு என்று வாதாடி ஜெயிப்பது கடினம். எழுத்து, ஓவியம், இணைய வடிவமைப்பு போன்றவை இப்போது பாதுகாப்பான பக்கத்தில். நடுவில் இருப்பவைதான் சிக்கல். நியூ மெக்ஸிகோவில் ஒரு புகைப்பட நிறுவனம் 2006இல் இரண்டு பெண்களின் திருமண விழாவைப் படமெடுக்க மறுத்து, 2013இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதே வழக்கு இன்று வந்தால் அதே முடிவு வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

"டொராண்டோவில் அச்சகம் வச்சிருக்கேன். எது வந்தாலும் அடிச்சே ஆகணுமா?"

உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு வழக்கு இருக்கிறது. 1996இல் ஒன்டாரியோவில் ஓர் அச்சகக்காரர், தன்பாலீர்ப்பினர் ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு லெட்டர்ஹெட், உறை, விசிட்டிங் கார்டு அடிக்க மறுத்தார். மனித உரிமை விசாரணைக் குழு 5,000 டாலர் இழப்பீடு விதித்தது. 2002இல் மேல்முறையீட்டு அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் ஒரு வரம்பும் போட்டது. அவருடைய மத நம்பிக்கையின் மையக் கருத்துகளோடு நேரடியாக மோதும் உள்ளடக்கத்தை அச்சடிக்க அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆக, பெயரும் முகவரியும் உள்ள தாளை யாருக்கும் மறுக்காதீர்கள். பெல்ஃபாஸ்ட்டுக்குப் பதினாறு வருடம் முன்பே கனடா ஏறக்குறைய அதே கோட்டைத் தொட்டிருக்கிறது.

"எங்க கோயில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறோம். நாங்களும் கடைக்காரங்க மாதிரியா?"

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கு இல்லாத விலக்குகள் உண்டு. அர்ச்சகரையோ பாதிரியாரையோ ஒரே பாலினத் திருமணத்தை நடத்தச் சொல்லி இந்த மூன்று நாடுகளிலும் கட்டாயப்படுத்த முடியாது. ஒன்டாரியோவில் 2005இல் சேர்த்த பிரிவு வழிபாட்டிடத்தையும் அதைச் சேர்ந்த வசதிகளையும் திருமணத்துக்கு மறுக்க அனுமதிக்கிறது. பிரிட்டன் சட்டத்திலும் மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் முக்கிய நோக்கமே வியாபாரம் என்றிருக்கும் அமைப்புக்கு அது கிடையாது. கோயில் பெயரில் தனி கம்பெனி வைத்து வருடம் முழுக்க மண்டபம் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்க அமைப்பு ஒன்று தன் மண்டபத்தை இரண்டு பெண்களின் திருமண வரவேற்புக்கு வாடகைக்கு விட்டது. விஷயம் தெரிந்ததும் ரத்து செய்தது. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 2005இல் தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டது. ஆனால் மறுத்த விதம் சரியில்லை, அவர்களைச் சந்தித்துப் பேசவில்லை, மாற்று இடம் தேட உதவவில்லை என்று சொல்லி ஆளுக்கு 1,000 டாலர் தரச் சொன்னது. உரிமை இருக்கும் இடத்திலும் எதிரே நிற்பவரின் மானத்தைக் காப்பாற்றும் கடமை இருக்கிறது என்ற இந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்தது.

"நான் முதலாளி இல்லை, வேலை பார்க்கிறவன். என் மனசாட்சிக்கு இடமில்லையா?"

முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம், அவர் வேறொருவரை அனுப்பலாம். ஆனால் வாடிக்கையாளருக்குச் சேவை குறையக் கூடாது. லண்டன் இஸ்லிங்டனில் ஒரு பதிவாளர் ஒரே பாலினத் துணைவர் பதிவுகளைச் செய்ய மறுத்து வேலை இழந்தார். இணையருக்கு ஆலோசனை தரும் ஒருவரும் அப்படியே. இருவர் வழக்கும் 2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் தோற்றன.

"இந்தியாவில் நிலைமை என்ன? தமிழ்நாட்டில் ஒரு கடை மறுத்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?"

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகளுக்குள் நுழைவதை மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் தடுக்கக் கூடாது என்கிறது. தனிக்குவளை வைத்த தேநீர்க் கடைகளைப் பார்த்த ஊரில் அந்த வரி எதற்கு எழுதப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு, பாலினம் என்பதற்குள் பாலின ஈர்ப்பும் அடங்கும் என்றது. ஆனால் தன்பாலீர்ப்பினரை ஒரு தனியார் கடை மறுத்தால் நேராகப் புகார் கொடுக்கத் தனிச் சட்டம் ஏதும் நாடாளுமன்றம் போடவில்லை. திருநர்களுக்கு மட்டும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான பொருள், சேவை, தங்குமிடம் ஆகியவற்றை மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை, பணம் கொடுத்த பிறகோ முன்பதிவு உறுதியான பிறகோ ரத்து செய்தால் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். வாசலிலேயே மறுத்துவிட்டால், நீங்கள் 'நுகர்வோர்' ஆகவே இல்லை என்ற எதிர்வாதம் வரும்.

"மறுத்துட்டாங்க. இப்போ நான் என்ன செய்யணும்?"

அன்றைக்கே நாள், நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாசகம் பிடிக்கவில்லையா, உங்களைப் பிடிக்கவில்லையா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். கால வரம்பு முக்கியம். இங்கிலாந்தில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. ஒன்டாரியோ தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடம், அங்கே மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவச ஆலோசனை தருகிறது. பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். மேலே வந்த தொகைகளைப் பார்த்தாலே புரியும்.

"சில பேர் வேணும்னே வம்புக்கு வர்றாங்களே?"

வருகிறார்கள், இரண்டு பக்கமிருந்தும். ஃபிலிப்ஸின் முதல் வழக்கை எடுத்துக்கொள்வதாக உச்ச நீதிமன்றம் அறிவித்த அதே நாளில், 2017 ஜூனில், ஒரு திருநங்கை வழக்கறிஞர் உள்ளே இளஞ்சிவப்பும் வெளியே நீலமும் உள்ள கேக் ஒன்றை அவரிடம் கேட்டார். தன் பாலின மாற்றத்தைக் கொண்டாடத்தான் என்று சொன்னதும் கடை மறுத்தது. அந்த வழக்கு பல வருடம் நடந்து, 2024 அக்டோபரில் கொலராடோ உச்ச நீதிமன்றத்தில் நடைமுறைக் காரணத்துக்காகத் தள்ளுபடியானது. வாடிக்கையாளரின் உள்நோக்கத்தை ஆராய்வதில் கடைக்காரருக்குப் பயன் குறைவு. சோதித்துப் பார்க்க வந்தவராக இருந்தாலும் சட்டம் அவருக்கும் உண்டு.

"நம்பிக்கையையும் விடாம, வழக்கிலும் மாட்டாம தொழில் பண்ண வழி இருக்கா?"

இருக்கிறது. எதைச் செய்வதில்லை என்பதை ஆள் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், எல்லோருக்கும் அதே விதியாக வையுங்கள். ஃபிலிப்ஸ் ஹாலோவீன் கேக் யாருக்குமே செய்வதில்லை, அதற்காக அவர் மேல் எந்த வழக்கும் வரவில்லை. அரசியல் வாசகம் எதுவும் எழுதுவதில்லை என்று ஒரு கடை முடிவெடுக்கலாம், ஆனால் ஒரு கட்சிக்கு எழுதிவிட்டு இன்னொன்றை மறுத்தால் வட அயர்லாந்து போன்ற இடத்தில் அரசியல் கருத்துப் பாகுபாட்டில் மாட்டிக்கொள்ளலாம். திருமண வேலையே வேண்டாம் என்று விடுவதும் ஒரு வழி, ஃபிலிப்ஸ் அதைத்தான் செய்தார். வருமானத்தில் சுமார் 40 சதவீதம் போனது என்று அவர் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு. கேக்ல வாசகம் எதுவும் வேண்டாம், ரெண்டு பெண்கள் பேரு மட்டும் எழுதுங்கன்னா? அது ஆளா, செய்தியா?"

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. ஆஷர்ஸ் தீர்ப்பின் தர்க்கப்படி, மற்ற ஜோடிகளுக்குப் பெயர் எழுதும் கடை இவர்களுக்கு மறுத்தால் அது ஆளை மறுப்பதுதான் என்று படுகிறது. இரண்டு பெயரில் கருத்து என்று ஒன்றும் இல்லை, அந்த இருவர் யார் என்பது மட்டும்தான் இருக்கிறது. 303 கிரியேட்டிவுக்குப் பிறகு அமெரிக்காவில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர்களைச் சேர்த்து எழுதுவதே கொண்டாட்டப் பேச்சு என்று வாதாடுவார்கள்.

பெயர்கூட இல்லாத கேக்குக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 2017இல் இரண்டு பெண்கள் எழுத்தோ பொம்மையோ இல்லாத மூன்றடுக்கு வெள்ளைக் கேக்கைக் கேட்டார்கள். கடையில் எல்லோருக்கும் விற்கும் மாதிரி அது. கடைக்காரர் மறுத்தார், முதலில் விசாரித்த நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 303 கிரியேட்டிவ் தீர்ப்பைப் படித்துப் பார்த்த பிறகும், இந்தக் கேக்கில் பேச்சு எதுவும் இல்லை, இது பாகுபாடு என்று அதை மாற்றியது.